ஒரு மணிக்கு அம்மா கேட்பாள்

தம்பி,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று நாலு நாளாகப் பார்த்தேன். நீ எடுத்ததும் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்புடுறேன்" என்கிறாய். நானும் "சரிப்பா, வேலையப் பாரு" என்று வைத்துவிடுகிறேன். உனக்கு மீட்டிங் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியாது. இப்படியே இரண்டு பேரும் நடித்துக்கொண்டிருந்தால் உன் கல்யாணத்தன்று கோயில் பீடத்துக்கு முன்னாலும் நடிக்க வேண்டியதுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், விரல் நடுக்கம் போன வருஷத்தைவிட அதிகமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு படி. உன் பெயரை எங்கேயும் எழுதப் போவதில்லை. இந்தக் காகிதம் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். நான் தினமும் மதியம் பார்க்கிற கூட்டம் அப்படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மதியம் சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், வியாபாரிகள் சேர்ந்து இலவசச் சாப்பாடு போடுகிற மண்டபத்தில் உன்னைப் பார்த்தேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். மறுநாள் உன் ஆபீஸ் கேட்டுக்கே போனேன். அங்கே நின்ற செக்யூரிட்டி தர்மபுரிக்காரர், தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. நீ எந்த மாடியில் வேலை செய்தாய் என்று சொன்னேன். "அந்த மாடியே காலி சார், எல்லாரையும் அனுப்பி மூணு மாசம் ஆவுது. உங்க பையன் சொல்லலியா?" என்றார். "சொன்னான், சொன்னான், எனக்குத்தான் ஞாபகம் இல்ல" என்று சமாளித்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். நம் பக்கம் வருகிற பஸ் இரண்டு தடவை வந்து போனது. ஏறத் தோன்றவில்லை.

நான் சிவாஜிநகரில் அந்த நேரத்தில் எதற்கு இருந்தேன் என்று கேட்பாய். அதைச் சொல்ல வேண்டுமானால் என் வண்டவாளத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பீன்யா ஃபேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் நின்றவன் நான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் பையிலிருந்து எடுத்து விளையாடுவாயே, இரண்டு முனையும் வழவழவென்று இருக்கும், மிஷின் பாகங்களின் துளையை அளக்கிற அந்தக் கேஜ், அதுதான் என் பிழைப்பு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. ஒரு பீஸுக்கு இரண்டு நொடிக்கு மேல் யோசித்தால் சூப்பர்வைசர் முறைப்பார். யோசிக்காமல் தள்ளுவதற்குப் பெயர் அங்கே திறமை. ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருக்க முடியாமல், விவேக் நகரில் நம் தெரு முனை மண்டபத்தில் ஸ்டெல்லாம்மாவும் நாலைந்து குடும்பங்களும் சேர்ந்து மதியச் சாப்பாடு போடுகிறார்களே, அங்கே டோக்கன் மேஜையில் போய் உட்கார்ந்தேன். ஃபேக்டரியை விட்டாலும் புத்தி விடவில்லை.

யார் யார் வருகிறார்கள் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். புருஷனை ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு ஊத்தங்கரையிலிருந்து வந்த ஒரு பெண் வருவாள். கட்டிலில் படுத்திருப்பவனுக்கு ஆஸ்பத்திரியில் சாப்பாடு உண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருக்கிற இவளுக்குக் கிடையாது. ஒரு வாட்ச்மேன் வருவார். அவருடைய ஏஜென்சியை மாற்றிவிட்டார்கள், சம்பள பாக்கியைக் கேட்டால் பழையவன் புதியவனையும் புதியவன் பழையவனையும் கை காட்டுகிறார்கள், மனுஷர் மட்டும் யூனிஃபார்மைத் துவைத்துப் போட்டுக்கொண்டு அதே கேட்டில் நிற்கிறார். முதுகுப்பை நிறைய ஊரார் பிரியாணியைச் சுமந்துகொண்டு நாற்பது வயசு டெலிவரிக்காரர் ஒருவர் வருவார். வண்டியை நிழலில் போட்டுவிட்டு நம் சாம்பார் சாதத்தை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடுவார். பென்ஷன் வாங்குகிற ஒரு டீச்சரம்மா கூட வருகிறார். அவருக்கு வீட்டில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது. "ஒரு ஆளுக்குக் குக்கர் வெக்க மனசு வரலை சார்" என்று என்னிடம் அவர் சொன்னபோது, இது என்ன காரணம் என்று உள்ளுக்குள் கடுப்பானேன்.

இவர்கள் எல்லாரையும் நான் கேஜ் வைத்துத்தான் பார்த்தேன். நிஜமான ஏழையா, ஓசியில் தின்ன வந்தவனா என்று இரண்டு நொடியில் முடிவு செய்ய எனக்கு ஒரு அளவு வேண்டியிருந்தது. காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு என்றால் டோக்கன், வெறுங்கால் என்றால் கேள்வியே கிடையாது, ஷூ என்றால் வெளியே. யாரும் எனக்கு இப்படி ஒரு சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. நானே போட்டேன், போட்டதில் பெருமையும் பட்டேன்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு பையன் வந்தான். உன் வயசுதான் இருக்கும். தேய்த்த சட்டை, கறுப்பு ஷூ, தோளில் லேப்டாப் பை. "ஒரு டோக்கன் அங்கிள்" என்றான். நான் அவன் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஷூ மாட்டிட்டு வந்து இலவசச் சோறு கேக்குறியே, வெக்கமா இல்ல? அதோ எதிர்ல ஹோட்டல் இருக்கு, போப்பா" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் காது கேட்டது. அவன் "பரவால்ல அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தாய். அம்மா கோழிக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடும்போது இந்தக் கதையை நான் சிரித்துச் சிரித்துச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? ஷூ போட்ட துரைக்கு ஓசிச் சோறு கேட்கிறதாம் என்று அந்தப் பையன் குரல் மாதிரியே பேசிக் காட்டினேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் என்ன சொன்னான்பா?" என்று கேட்டாய். "என்ன சொல்வான், போயிட்டான்" என்றேன். நீ பாதியில் எழுந்து கை கழுவினாய். காரம் அதிகம் என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போது உனக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேறு எந்த வீட்டுக்கும் போக முடியாமல் அப்பா அம்மாவைப் பார்க்க வந்த பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து நான் என்ன பேசியிருக்கிறேன் பார்.

ஸ்டெல்லாம்மா இதைக் கேள்விப்பட்டு என்னைச் சும்மா விடவில்லை. கரண்டியும் கையுமாக மேஜைக்கு வந்துவிட்டாள். "ஏண்ணா, இன்டர்வியூக்கு வெறுங்கால்ல போவாங்களா? அவன்கிட்ட உருப்படியா இருக்கறதே அந்த ஒரு ஷூதான். நீங்க லீவு போட்ட அன்னிக்கு நான்தான் அவனுக்கு டோக்கன் குடுத்தேன். மூஞ்சப் பாத்தா தெரியாதா உங்களுக்கு, காலைலயும் துன்னாம வந்துருக்கான்னு?" என்றாள். "நான் மூஞ்ச பாக்கலம்மா" என்றேன். "அதத்தான் சொல்றேன்" என்று உள்ளே போய்விட்டாள். முகம் தெரியாவிட்டாலும் அந்த ஷூவும் பையும் குரலும் தெரியும், அதற்குப் பிறகு அவன் வருவானா என்று தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லாம்மாவே மனசு இரங்கி, "சிவாஜிநகர் மண்டபத்துல போய்ப் பாருங்கண்ணா. வேலை தேடற புள்ளைங்க நெறைய அங்கதான் போவுதுங்க. அங்க டோக்கனும் இல்ல, கேள்வியும் இல்ல" என்றாள். அவனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று அந்தச் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

மண்டபத்து வாசலில் ஒரு கன்னடக்காரர் நின்று எல்லாரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். சாப்பிட வரவில்லை, ஒரு ஆளைத் தேடி வந்தேன் என்று அவருக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். "மொதலு ஊட்டா மாடி சார், ஆமேலே ஹுடுக்கி" என்று என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் தேடுங்கள் என்று. என் காலில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. நான் அன்றைக்கு மாதா கோயிலுக்குப் போடுகிற தோல் ஷூ போட்டிருந்தேன். தரையில் நீளப்பாயில் உட்கார்ந்தேன், தட்டு வந்தது, சோறு வந்தது, சாம்பார் வந்தது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துவிட்டு, அந்தப் பையன் எங்கேயாவது இருக்கிறானா என்று முன்வரிசையைப் பார்த்தேன். அவன் இல்லை. நீ இருந்தாய்.

முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டை. சோற்றைத் தொடுவதற்கு முன்னால் காய் முழுவதையும் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்குகிற பழக்கம், எத்தனை திட்டு வாங்கியும் உன்னைவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு ஒதுக்கிய காயையும் கடைசியில் எடுத்துச் சாப்பிட்டாய். சாம்பார் வாளி வந்தபோது இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாய். நம் வீட்டில் நீ எதையும் இரண்டாம் தடவை கேட்டு நான் பார்த்ததில்லை. உன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், தோளைத் தொட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அதற்குள் உன் போன் அடித்தது. இடது கையால் எடுத்தாய். மணி ஒன்று. தினமும் இந்நேரம் கூப்பிடுகிற உன் அம்மாதான். "சாப்ட்டேம்மா. கேன்டீன்லதான். இன்னிக்கு சாம்பார் நல்லாருந்துது. நீ சாப்டியா?" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் அப்படியே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டால் நீ பாதித் தட்டில் எழுந்துவிடுவாய். முழுசாகச் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நீ தட்டைக் கழுவி அடுக்கிவிட்டு, எல்லாரையும் போல நன்றி சொல்லிவிட்டு வெளியே போகும்வரை நான் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா, "பையன் சாப்ட்டானாம், சாம்பார் நல்லாருந்துதாம்" என்கிறாள். "ஆமா, நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றேன்.

நீ எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி அங்கே ஏன் வருகிறாய் என்பது எனக்கு யோசிக்க யோசிக்கப் புரிந்தது. உன் ரூம் பக்கம் என்றால் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள். விவேக் நகர் என்றால் வாசலில் நான் இருக்கிறேன். மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாமல், எங்களுக்கு அனுப்புவதை மட்டும் ஒருநாள்கூடத் தவறாமல் அனுப்பியிருக்கிறாய். அதை எதிலிருந்து மிச்சம் பிடித்தாய் என்று அந்த மண்டபத்தில் நான் பார்த்துவிட்டேன். இனிமேல் அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன். என் பென்ஷனில் நாங்கள் இரண்டு பேர் கஞ்சி குடிக்க முடியும், உன் மதியச் சோற்றைத் தின்ன முடியாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ மறந்திருக்கலாம், அம்மாவும் நானும் மறக்கவில்லை. உனக்கு ஐந்து வயசு. ஃபேக்டரியில் லாக்-அவுட், நாலு மாதமாக கேட் பூட்டு. கடைக்காரர் முகம் கொடுக்கவில்லை, கடன் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் மதியம் அடுப்பே பற்ற வைக்கவில்லை. எதிர்வீட்டு ரோசி அக்கா உன்னைப் பார்த்து, "என்ன கண்ணு, சாப்டியா?" என்று சும்மா கேட்டாள். நீ, "எங்க வீட்ல இன்னிக்கு செய்யல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டாய். பத்து நிமிஷத்தில் அவள் ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்தாள். நான் வாசலில் மறித்துக்கொண்டு, "நாங்க வெளிய சாப்ட்டோம்கா, பையன் வெளையாட்டுக்குச் சொல்றான்" என்று அந்தச் சட்டியைத் திருப்பி அனுப்பினேன். அது தெருவைத் தாண்டிப் போகிறதை நீ ஜன்னலில் நின்று பார்த்தாய். உள்ளே வந்து உன்னை அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. "யாரு கேட்டாலும் சாப்ட்டேன்னுதான் சொல்லணும், புரியுதா?" என்றேன். புரிந்தது என்று தலையாட்டினாய். எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாய் என்பதை இருபத்து மூன்று வருஷம் கழித்து ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அன்று எனக்கு இருந்தது ரோஷம் என்று நான் இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயம்தான் தம்பி. ஒரு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டால் சிவப்புப் பெட்டியில் விழுந்துவிடுவோம் என்று பயம். டோக்கன் மேஜையில் ஷூவைப் பார்த்து விரட்டியதும் அதே பயம்தான். ஷூ போட்டவனும் வரிசையில் நிற்கலாம் என்றால் நம் வீட்டிலிருந்தும் ஒருத்தன் நிற்க நேரலாமே.

இப்போது இருக்கிற பயம் வேறு. நேற்று ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயர், ஷீலா பெயர், அவள் அத்திபெலே பங்குக் கோயிலைச் சேர்ந்தவள் என்று எல்லாம் சொல்லிவிட்டு, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சாமியார் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. வேலை இல்லாதது தடை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அத்திபெலே கோயிலில் அதே நேரத்தில் அந்தப் பெண்ணும் தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இதே ஓலையைக் கேட்டிருப்பாள். நிச்சயதார்த்தத்தில் அவள் அப்பாவிடம், கம்பெனி பஸ் வாசலுக்கே வரும், கல்யாணத்துக்குப் பிறகு வெளிநாடுகூடப் போவான் என்று அளந்துவிட்டவன் நான். நீ பக்கத்தில் நெளிந்துகொண்டிருந்தாய். இன்னும் இரண்டு ஓலை பாக்கி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது வாசிப்பதற்குள் நீயே ஷீலாவிடம் சொல்லிவிடு. நான் சொல்ல மாட்டேன், அது உன் வாயால் வர வேண்டியது. ஸ்கூலில் பாடம் நடத்துகிற பெண், விவரம் தெரிந்தவள். கோபப்படுவாள். வேலை போனதற்குக் கோபப்படுவாளா, மூன்று மாதம் மறைத்ததற்குக் கோபப்படுவாளா என்று நீயே யோசித்துப் பார். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதையும் யோசித்துவிட்டேன். கல்யாண மண்டபம் போகட்டும், பத்திரிகை போகட்டும், சொந்தக்காரர்கள் ஒரு மாதம் பேசுவார்கள். அவள் அப்பாவிடம் நான் போய்க் கை கூப்பி நிற்கிறேன், அளந்தவன் நான்தானே.

எனக்குத் தூக்கம் இல்லாமல் போனது கல்யாணத்தை நினைத்து மட்டும் இல்லை. ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு மேல் நீ போன் எடுக்காவிட்டால் எனக்குக் கை கால் ஓடுவதில்லை. தினமும் காலையில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போக இடம் இல்லாமல் கிளம்புகிறவன் மனசில் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். லாக்-அவுட் காலத்தில் நானும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, யஷ்வந்தபூர் ரயில்வே பிளாட்பாரத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கிறேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாளும் உண்டு. அம்மாவுக்கே தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். அதனால் தனியாக உட்காராதே. அந்தச் சிவாஜிநகர் மண்டபத்துக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை, உனக்குப் பிடித்திருந்தால் போ, நல்ல ஆட்கள். ஆனால் சாப்பிட்டுவிட்டு எங்கே போகிறாய் என்று எனக்குச் சொல்.

இப்போதும் நான் டோக்கன் மேஜையில்தான் உட்கார்கிறேன். கால்களைப் பார்ப்பதில்லை. வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து "வாங்க" என்கிறேன். டீச்சரம்மாவோடு உட்கார்ந்து இரண்டு நாள் சாப்பிட்டேன், அவர் ரொம்பப் பேசுகிறார். அந்தக் கறுப்பு ஷூ பையன் மட்டும் இன்னும் வரவில்லை. அவனுக்கும் ஒரு மணிக்கு யாராவது போன் செய்து கேட்பார்களா என்று தெரியவில்லை.

நாளைக் காலையில் நானே உன் ரூமுக்கு வந்து இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். கதவைத் தட்ட மாட்டேன். படித்ததும் பதில் எழுத வேண்டாம், விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். ஒரு மணிக்கு அம்மா போன் செய்வாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "சாப்டியா?" என்று கேட்பாள். சாப்பிட்டிருந்தால் எங்கே என்று சொல். சாப்பிடவில்லை என்றால், "இன்னும் இல்லம்மா" என்று சொல்லு கண்ணு. இந்தத் தடவை அப்பா அடிக்க மாட்டேன்.